புரோஸ்டேட் வீக்கமும் லேசர் ஆபரேஷனும்: ஓ.பி.யில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஓ.பி.யில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு இரண்டு பேராவது, “எனக்குப் புரோஸ்டேட் இருக்கு டாக்டர், லேசர் பண்ணிடலாமா?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். புரோஸ்டேட் எல்லா ஆணுக்கும் இருக்கிறது. அது வியாதியின் பெயர் இல்லை, உறுப்பின் பெயர். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சுரப்பி. வயதாக ஆகப் பெருக்கிறது, சிலருக்குக் குழாயை நெருக்குகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்துவிடுவார். அதனால்தான் யூரோலஜி டாக்டராகிய நான் இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’ என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அந்த கிரேடு என்பது அளவு மட்டும்தான். புற்றுநோய்க்குச் சொல்லும் ஸ்டேஜ் மாதிரி இதை நினைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்கள் உண்டு. இளம் வயதில் சுரப்பி சுமார் 20 கிராம். அது 40, 50 என்று போனால் ரிப்போர்ட்டில் ஒரு கிரேடு ஏறும், அவ்வளவே.

அளவுக்கும் தொல்லைக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 90 கிராம் சுரப்பியோடு இரவு முழுக்க ஒரே தூக்கமாகத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 கிராம்தான் இருக்கும், ஆனால் அதன் நடுப்பகுதி சிறுநீர்ப்பைக்குள் எட்டிப் பார்த்து, தொட்டி ஓட்டையில் பந்து விழுந்த மாதிரி வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அவருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஸ்கேனில் நாங்கள் முதலில் தேடுவது கிரேடை அல்ல, சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் ஆபரேஷன்?

மாத்திரை கொடுத்தும் தொல்லை குறையாதவர்களுக்கு. இது பெரும்பாலானோர். இன்னொரு வகையினருக்கு யோசிக்க அவகாசம் குறைவு: சிறுநீர் அடைத்துக்கொண்டு ட்யூப் போட்டு, எடுத்துப் பார்த்தால் மறுபடி அடைத்துக்கொள்கிறவர்கள். பையில் கல் சேர்ந்தவர்கள். அடிக்கடி கிருமித் தொற்று வருகிறவர்கள். திரும்பத் திரும்ப இரத்தம் போகிறவர்கள். அடைப்பினால் சிறுநீரகம் வீங்கி, அது வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் ஏறியவர்கள். கடைசியில் சொன்னவர்களில் சிலருக்கு வலியே இருக்காது. “நல்லாத்தான் போகுது” என்பார்கள். அடிவயிற்றைத் தொட்டால் பை கல்லுப் போல் நிரம்பியிருக்கும்.

தொல்லையை அளக்க 7 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. அப்புறம் ஒரு புனலில் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகம் பார்ப்போம். நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் போனால் பரவாயில்லை. 10-க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கலாம். பக்கத்தில் நர்ஸ் நின்றால் யாருக்குமே சரியாகப் போகாது, ஆகவே கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கொஞ்சமாகப் போனால் டெஸ்ட் தப்பாகத்தான் வரும்.

மாத்திரையிலேயே ஓட்ட முடியாதா?

நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். டாம்சுலோசின், சிலோடோசின் வகை, பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு வகை சுரப்பியைக் கொஞ்சம் சுருக்கும். அதற்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், பெரிய சுரப்பிக்குத்தான் பலன்.

இரண்டு எச்சரிக்கைகள். டாம்சுலோசின் எடுத்தவராக இருந்தால், கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாத்திரையால் கருவிழிப் படலம் (ஐரிஸ்) தொளதொளத்துப் போய் ஆபரேஷன் நடுவே சிக்கல் கொடுக்கும். முன்பே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார். அடுத்தது, புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை ஃபினாஸ்டிரைடு வகை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ரத்தப் பரிசோதனையில் 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால் எந்த டாக்டரும் ஏமாந்துபோவார்.

லேசரில் வெட்டு இல்லை, தழும்பு இல்லை என்று விளம்பரம் வருகிறதே? பழைய முறையில் வயிற்றைக் கிழிப்பார்களா?

விளம்பரம் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. டி.யு.ஆர்.பி. என்கிற வழக்கமான முறையிலும் வெட்டு கிடையாது, தழும்பும் கிடையாது. அதுவும் சிறுநீர்த் துவாரம் வழியாகத்தான் போகிறது. வித்தியாசம் உள்ளே போனபின் கையில் எந்த ஆயுதம் என்பதில்தான். அங்கே மின்சாரம் பாயும் கம்பி வளையம், இங்கே லேசர் நார்.

ஆயுதத்தால் லாபம் இல்லையா என்றால், உண்டு. லேசரில் இரத்தப்போக்கு குறைவு. ட்யூப் சீக்கிரம் வெளியே வரும், பெரும்பாலும் மறுநாளே. பழைய டி.யு.ஆர்.பி.யில் கிளைசின் கலந்த தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே வேலை செய்வார்கள். நேரம் நீண்டால் அது இரத்தத்தில் ஏறி சோடியத்தைக் கீழே இறக்கிவிடும். நோயாளி குழம்பிப் பேசுவார், சில சமயம் வலிப்பே வரும். லேசருக்கு சாதாரண சலைன் போதும் என்பதால் இந்தப் பயம் இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இப்போது வரும் பைபோலார் டி.யு.ஆர்.பி.யும் சலைனில்தான் நடக்கிறது. 40, 50 கிராம் சுரப்பிக்கு நல்ல கையில் செய்த பைபோலார், லேசருக்கு ஒன்றும் இளைத்ததல்ல.

லேசரில் எத்தனை வகை? ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள்.

பெயர் பல, வேலை இரண்டு. ஒன்று கழற்றி எடுப்பது, இன்னொன்று ஆவியாக்குவது.

தேங்காயை வைத்துச் சொன்னால் என் நோயாளிகளுக்குச் சட்டென்று புரிகிறது. மூடியை உள்ளிருந்து துருவிக்கொண்டே வந்து ஓடு தெரிகிற இடத்தில் நிறுத்துவது டி.யு.ஆர்.பி. துருவல் துருவலாக வரும், ஓரத்தில் கொஞ்சம் பருப்பு ஒட்டிக்கொண்டும் இருக்கும். காய்ந்த கொப்பரை ஓட்டை விட்டு முழுசாகக் கழன்று வருமே, அது ஹோலெப். ஹோல்மியம் லேசரைக் கொண்டு, வளர்ந்த சதைக்கும் அதன் வெளி ஓட்டுக்கும் நடுவே வழி பிரித்து, முழுக்கட்டியையும் கழற்றிச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளிவிடுவோம். அப்புறம் மார்சலேட்டர் என்ற கருவி பைக்குள் போய் அதை அரைத்து உறிஞ்சி எடுக்கும். ஹோல்மியத்துக்குப் பதில் துலியம் லேசரால் இதையே செய்தால் துலெப். இரண்டுக்கும் நோயாளியின் கணக்கில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கிரீன்லைட் என்பது ஆவியாக்கும் வகை. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. இரத்தத்தின் சிவப்பணு நிறமி அதை அப்படியே குடித்துக்கொள்ளும். இரத்தம் நிறைந்த புரோஸ்டேட் சதை, கற்பூரம் மாதிரி குமிழ் குமிழாகக் கரைந்து போகும். கற்பூரம் போலவே பின்னால் எதுவும் மிஞ்சாது. பயாப்ஸிக்கு அனுப்பச் சதை கிடைக்காது என்பது இதன் குறை.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சதையை ஓட்டிலிருந்து முழுசாகக் கழற்றும் யோசனை லேசரோடு பிறந்ததல்ல. பீட்டர் ஃப்ரேயர் என்ற ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் சுமார் 20 வருடம் நம் ஆட்களின் சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்துப் பெயர் வாங்கிவிட்டு லண்டன் போனவர். அடிவயிற்றைத் திறந்து, விரலை உள்ளே விட்டு முழுக்கட்டியையும் தோண்டி எடுக்கும் முறையை 1901-இல் எழுதி அதைப் பிரபலமாக்கினார். பிறகு அந்த வெட்டைத் தவிர்க்க டி.யு.ஆர்.பி. வந்தது, கட்டி துருவலாகிப் போனது. 1990-களின் தொடக்கத்தில் வந்த முதல் தலைமுறை லேசரோ சதையை வேகவைத்துவிட்டு வெளியே வந்துவிடும். வெந்த சதை வாரக்கணக்கில் உதிரும், அத்தனை நாளும் ட்யூப், எரிச்சல். ‘லேசர் செய்தும் ஒன்றும் ஆகவில்லை’ என்று பழைய ஆட்கள் சிலர் சொல்வது இதைத்தான். அதே பத்தாண்டில் நியூஸிலாந்தின் டாரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் அவர் குழுவினரும் ஹோல்மியம் நாரை வைத்து, ஃப்ரேயரின் விரல் செய்த வேலையை வெட்டில்லாமல் செய்து காட்டினார்கள்.

என் சுரப்பி 110 கிராம். லேசரில் முடியுமா?

கழற்றி எடுக்கும் முறைக்கு அளவு ஒரு தடையே இல்லை. 80 கிராமைத் தாண்டியவர்களுக்கு முன்பெல்லாம் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. ஹோலெப்பின் உண்மையான வெற்றி இவர்களிடம்தான். விளம்பரங்களோ 35 கிராம்காரரைத்தான் குறிவைக்கின்றன, அவருக்குத்தான் இது அவ்வளவு அவசியமில்லை.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட். இரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். நிறுத்திவிட்டு அழைத்து வரவா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து அடைத்தால் உயிருக்கே ஆபத்து. புரோஸ்டேட்டுக்கு ட்யூப் போட்டுச் சில மாதம் தள்ளிவைக்கலாம், இதயத்தைத் தள்ளிவைக்க முடியாது. எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டர் கைப்பட எழுதித் தர வேண்டும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரவே விடுவோம். நிறுத்தவே முடியாதவர்களுக்கு கிரீன்லைட் நல்ல வழி. ஹோல்மியம், துலியமும் வெட்டுப்பட்ட இரத்தக் குழாய்களை நன்றாக அடைத்து இரத்தப்போக்கை நிறுத்தும்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும்?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். விழித்துக்கொண்டே இருக்கலாம், சிலர் திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். சுரப்பியின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி நேரம். முடிந்ததும் மூன்று வாய் உள்ள ட்யூப். ஒரு வழியாக சலைன் உள்ளே போகும், இன்னொரு வழியாக வெளியே வரும், மூன்றாவது ட்யூப்பைப் பிடித்து வைக்கும் பலூனுக்கு. கட்டிலில் தொங்கும் பையில் தண்ணீர் சிவப்பாக இறங்குவதைப் பார்த்து வீட்டார் பதறுவது வழக்கம். நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தால் எல்லாம் சரி. நிறம் அதேதான், ஆனால் பைக்குள் இறங்குவது நின்றுவிட்டது, அடிவயிறு முட்டுகிறது என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ட்யூப்பில் இரத்தக்கட்டி அடைத்திருக்கும், ஒரு சிரிஞ்சால் சரிசெய்துவிடலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ட்யூப் எடுத்தபின் இருமினால், எழுந்தால் சொட்டுகிறது. இப்படியே இருந்துவிடுமா?

பெரும்பாலும் இருக்காது. இதைப் பற்றி முன்கூட்டியே சொல்லாததுதான் எங்கள் ஆட்கள் செய்யும் தவறு. வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த கட்டி ஒரே நாளில் போய்விட்டது. அதன் பக்கத்திலேயே இருக்கும் வால்வுத் தசை ஆபரேஷனில் இழுபட்டும் இருக்கும். குறிப்பாக ஹோலெப்புக்குப் பிறகு சில வாரம் சொட்டு போவது சகஜம். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு நின்றுவிடும். நிற்காமல் நீடிப்பது நூற்றில் ஒருவர், இருவருக்கு.

பயிற்சி இருக்கிறது. சபையில் உட்கார்ந்திருக்கும்போது வாயு பிரியாமல் அடக்குவோமே, அந்தத் தசைதான். அதை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தவர்களுக்குச் சீக்கிரம் சரியாவதைப் பார்க்கிறேன். வயிற்றையோ தொடையையோ இறுக்கினால் பயனில்லை.

வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் கழித்துத் திடீரென்று இரத்தம். ஏன்?

உள்ளே இருந்த பொருக்கு உதிர்கிறது. தண்ணீர் அதிகம் விட்ட ரோஸ் சர்பத் நிறம் என்றால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். கெட்டியாக, கட்டி கட்டியாக வந்தால், அல்லது சிறுநீர் நின்றுவிட்டால், காய்ச்சல் குளிரோடு வந்தால் ஆஸ்பத்திரிதான். இப்படி வருகிறவர்களிடம் முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பைக் ஓட்டியிருப்பார், கேஸ் சிலிண்டரைத் தூக்கியிருப்பார், அல்லது மலச்சிக்கலில் முக்கியிருப்பார். நான்கு வாரத்துக்கு இந்த மூன்றும் வேண்டாம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தாம்பத்தியம்?

மனைவி வெளியே போனபிறகு, அல்லது மகன் பில் கட்டப் போனபிறகு கேட்கப்படும் கேள்வி இது. விறைப்புத்தன்மை பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். ஆனால் உச்சத்தில் விந்து வெளியே வராது, பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய் அடுத்த முறை சிறுநீரோடு கலந்து போய்விடும். டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் பத்தில் ஏழு பேருக்காவது இப்படி ஆகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் முன்பே சொல்லாவிட்டால் மனசுக்குக் கெடுதல். இன்னும் குழந்தை வேண்டும் என்கிற வயதில் இருப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விந்துப் பாதையைக் காப்பாற்றும் சிகிச்சைகள் வேறு உண்டு, யூரோலிஃப்ட், நீராவியால் செய்யும் ரெசூம் போல. அவை பெரிய சுரப்பிக்கு ஒத்துவராது.

சுரப்பியையே எடுத்தாயிற்று. இனிப் புற்றுநோய் வராதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எடுத்தது உள்ளே வளர்ந்த சதையை மட்டும். ஓடு அப்படியே இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவது அந்த வெளிப் பகுதியில்தான். ஆகவே பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். ஹோலெப்புக்குப் பிறகு அது நன்றாக இறங்கிவிடும். இறங்கிய அளவுதான் இனி உங்கள் அடிப்படை அளவு, அதிலிருந்து ஏறினால் காட்டுங்கள். கழற்றிய சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள். சிலருக்கு அதில்தான் முதல்முறையாகப் புற்றுநோய் தெரியவந்திருக்கிறது.

திரும்ப வளருமா?

ஹோலெப்பில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது அபூர்வம். ஆவியாக்கும் முறையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், விடுபட்ட சதை வளர்வதால்.

மாமாவுக்குச் செய்தும் இரவில் ஐந்து தடவை எழுந்திருக்கிறாரே?

மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? நீண்டநாள் சர்க்கரையால் சிறுநீர்ப்பையின் தசையே தளர்ந்திருக்கலாம். வாசலை அகலமாக்கினாலும் தள்ளுவதற்கு ஆள் இல்லை. சிலருக்கு இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகம்: சர்க்கரை கட்டுக்குள் இல்லை, கால் வீக்கம், குறட்டை வியாதி, அல்லது படுக்கப் போகும்முன் குடிக்கும் பெரிய டம்ளர் பால். மூன்று நாள் ஒரு பழைய மக்கில் பிடித்து அளந்து, நேரத்தோடு எழுதி வரச் சொல்வேன். அந்தத் தாள் பல நேரம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். தசை பலவீனம் என்ற சந்தேகம் இருந்தால், பை எவ்வளவு அழுத்தத்தோடு தள்ளுகிறது என்று அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும்.

சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறேன். தொடரலாமா?

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் நான் தடுப்பதில்லை. ஆனால் கஷாயம் குடித்தால் ஓட்டம் அதிகமாகும், அடைப்பு விலகாது. வாசல் அடைத்த வீட்டுக்குள் இன்னும் தண்ணீர் ஊற்றுவது போல. வெளிநாட்டு சா பால்மெட்டோ காப்ஸ்யூலைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

செலவு ஏன் இவ்வளவு? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

மெஷின் விலை, நார் விலை, மார்சலேட்டர் பிளேடு விலை. கிரீன்லைட் நார் ஒரு நோயாளிக்கு ஒன்று. பாலிசி எடுத்தவர்கள் இரண்டு இடத்தில் கண்ணை ஓட்டுங்கள். பல பாலிசிகளில் புரோஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் உண்டு. அடுத்து, 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பட்டியலில் கிரீன் லேசர், ஹோல்மியம் இரண்டும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதால் அடியோடு மறுக்க முடியாது, ஆனால் சில பாலிசிகள் ‘நவீன சிகிச்சை’ என்ற தலைப்பில் தனி உச்சவரம்பு வைத்திருக்கும். ஐந்து லட்சம் பாலிசி என்று நம்பி வந்து டிஸ்சார்ஜ் அன்று கையைப் பிசைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கஷ்டமென்றால், யூரோலஜி துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.யு.ஆர்.பி. செய்துகொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

“எந்த மெஷின்?” என்று கேட்காதீர்கள். “இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். ஹோலெப் கை படிய ஐம்பது கேஸ் வரை ஆகும். எனக்கும் ஆனது. கோபித்துக்கொள்கிற டாக்டராக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்த மாதம் 12-ஆம் தேதி ஆபரேஷன். அதற்குள் பேத்தி கல்யாணம், சென்னைக்கு இரவு பஸ். போகலாமா?

போங்கள், ஆனால் ரயிலில். ரயிலில் டாய்லெட் இருக்கிறது. பஸ்ஸில் விடிய விடிய அடக்கிக்கொண்டு போய் இறங்கும்போதுதான் அடைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஜலதோஷ மாத்திரை வாங்காதீர்கள். அதிலுள்ள குளோர்ஃபெனிரமின், சூடோஎபிட்ரின் போன்ற மருந்துகள் பையின் தசையைத் தளர்த்தும், கழுத்தை இறுக்கும். பண்டிகை, முகூர்த்த நாட்களின் மறுநாள் காலை அவசரப் பிரிவில் ட்யூப் போட வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் அந்த அட்டை இருக்கும். ஆவி பிடியுங்கள். ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் பட்டுவேட்டிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.